பாலாற்றங்கரைக்கு வந்து சேராத பாடம்: வாணியம்பாடி வட்டார லுத்தரன் திருச்சபையில் தலைமையும் தோல்வியும்

நூற்றாண்டு விழா மலர்களைப் புரட்டினால், தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் வரலாறு ஆலயம் கட்டிய வரலாறாகவும் பள்ளி திறந்த வரலாறாகவும்தான் தெரியும். எந்த மிஷனரி எந்த ஆண்டு வந்தார், அஸ்திவாரக் கல்லை யார் நாட்டினார், மருத்துவமனை எப்போது தொடங்கியது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். யாரை வெளியேற்றினார்கள், ஏன் வெளியேற்றினார்கள், அந்த முடிவு எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்பவற்றுக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவது அரிது. இந்த விடுபடல் தற்செயலானதென்று நான் கருதவில்லை. தோல்வியைப் பதிவு செய்யாத சபைக்கு அதிலிருந்து கற்கும் வழியும் அடைபடுகிறது. கிருஷ்ணகிரி, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் வேரூன்றிய லுத்தரன் திருச்சபையின் கதை இதற்குத் தெளிவான சான்று.

அந்தச் சபையின் தாய்ச்சபையிலிருந்து தொடங்க வேண்டும். 1838ஆம் ஆண்டின் இறுதியில் சாக்சனி நாட்டு லுத்தரன்கள் சில நூறு பேர் மார்ட்டின் ஸ்டெஃபான் என்ற போதகரின் தலைமையில் ஜெர்மனியை விட்டுக் கப்பலேறி அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அவரையே பேராயராக ஏற்று, பொதுப் பணத்தையும் அவர் பொறுப்பில் விட்டார்கள். 1839 மே மாதம் ஒழுக்கக்கேடும் பணமுறைகேடும் செய்தார் என்ற குற்றச்சாட்டில் அவரைப் பதவிநீக்கிப் படகில் ஏற்றி மிசிசிப்பி ஆற்றின் அக்கரையில் இறக்கிவிட்டார்கள். நம்பி வந்த தலைவர் போய்விட்ட நிலையில், தாங்கள் இன்னும் திருச்சபைதானா என்ற கேள்வியே அவர்களை வாட்டியது. 1841இல் ஆல்டன்பர்க் என்ற ஊரில் நடந்த பகிரங்க விவாதத்தில் சி. எஃப். டபிள்யூ. வால்தர் அதற்கு விடை தந்தார். பேராயர் வீழ்ந்ததால் சபை வீழ்ந்துவிடாது. அதிகாரம் விசுவாசிகள் கூடும் சபையிடமே இருக்கிறது. போதகரை அழைப்பதும் அதுவே, கண்டிப்பதும் அதுவே என்பது அவர் வாதம். 1847இல் உருவான மிசூரி சினாட் என்ற லுத்தரன் திருச்சபை இந்த அடித்தளத்தில் எழுந்தது. ஒரு தலைவரின் வீழ்ச்சியிலிருந்து ஒரு திருச்சபை இவ்வளவு தெளிவான பாடத்தைப் படித்துக்கொண்ட சந்தர்ப்பங்கள் கிறிஸ்தவ வரலாற்றில் அதிகம் இல்லை.

அந்தப் பாடம் மிசூரியில் நின்றுவிட்டது. பாலாற்றங்கரைக்கு வந்து சேரவில்லை. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

இந்தியாவில் மிசூரி மிஷனைத் தொடங்கியவர்களே வெளியேற்றப்பட்டவர்கள். தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன் இருவரும் தரங்கம்பாடி மரபில் வந்த, ஜெர்மனியின் லைப்சிக் மிஷனுடைய ஊழியர்கள். வேதாகமம் முழுவதும் தேவ ஆவியால் அருளப்பட்டது என்ற போதனையில் தங்கள் மிஷன் உறுதியாக நிற்கிறதா என்று மேலிடத்தைக் கேட்டார்கள். கேள்வி பிணக்காகி, 1890களின் தொடக்கத்தில் அவர்கள் பணியை விட்டு விலக நேர்ந்தது. 1894 அக்டோபரில் மிசூரி சினாட் அவர்களைத் தன் மிஷனரிகளாக அனுப்பிவைத்தது. மறு ஆண்டு கிருஷ்ணகிரியில் பணி தொடங்கியது. அதே லைப்சிக் மிஷனிலிருந்து பிரிந்த கெல்லர்பவுரும் இப்பணியில் சேர்ந்தார். 1904இல் நேதர் கிருஷ்ணகிரியில் பிளேக் நோயால் இறந்தார். அவர்களுடைய போதனை சரியா என்பதை இங்கே ஆராயவில்லை. மனச்சாட்சியை முன்னிட்டு மேலிடத்தைக் கேள்வி கேட்டு, அதற்கு விலை கொடுத்தவர்களால் எழுந்த மிஷன் இது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம்.

கேள்வி கேட்டவர்களை இழப்பது லைப்சிக் மிஷனுக்கு முதல் அனுபவமும் அல்ல. கார்ல் கிரவுலின் தலைமையில் அந்த மிஷன் சபைக்குள் சாதி வழக்கங்களைப் பெருமளவு பொறுத்துக்கொண்டது. திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் கிரவுல்; தமிழை அவ்வளவு நேசித்த அறிஞர், அந்தத் தமிழைப் பேசியவர்களில் பலர் சுமந்த இழிவை ஒரு சமூக வழக்கம் என்றே எண்ணிக் கடந்து போனது எனக்கு இன்றும் வலிக்கிறது. சாதியை எதிர்த்த மிஷனரி கார்ல் ஓக்ஸ் 1860 வாக்கில் பிரிந்துபோனார். மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய பணி டேனிஷ் மிஷன் சங்கத்தோடு இணைந்தது. பின்னாளைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அதுவே. ஓக்ஸ் பிரிந்தபோது, சாதியால் நேரடியாக அடிபட்ட தாழ்த்தப்பட்ட விசுவாசிகளைக் கேட்டு முடிவெடுக்கவில்லை. அவர்கள் பொருட்டு நடந்த சண்டையில் அவர்களுக்கே குரல் இருக்கவில்லை.

இப்போது வாணியம்பாடி. தோல் மண்டி முதலாளிகளும் பதனிடும் ஆலைகளும் நிறைந்த ஊர். வணிகத்தில் முஸ்லிம்களே முன்னணி. 1919இல் அவர்கள் எழுப்பிய இஸ்லாமியா கல்லூரி வட்டாரத்தின் பெருமைகளில் ஒன்று. குரோம் உப்பு வருவதற்கு முன் இங்கே தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவர்களும் மயிர் மழித்தவர்களும் பெரும்பாலும் சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்து வந்தார்கள். மிஷன் சபைகளில் சேர்ந்தவர்களில் கணிசமானவர்களும் அதே சேரிகளின் மக்கள். ஆக, வாரத்தில் ஆறு நாள் முஸ்லிம் முதலாளியின் ஆலை, ஏழாம் நாள் லுத்தரன் ஆலயம் என்று வாழ்ந்த சிறு கூட்டம் அது. அதன் ஒவ்வொரு நடத்தையையும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த வட்டாரத்துக்கு 1920களில் முஸ்லிம்களிடையே பணி செய்ய வந்தவர் அடால்ஃப் புரூக்ஸ். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, இப்பணிக்கென்றே தயாராகி வந்தவர். வேறு சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்களோடு சேர்ந்து ஜெபித்தார் என்பதே அவர் மேல் எழுந்த புகார். போதனையில் முழு உடன்பாடு இல்லாதவர்களோடு கூடி ஜெபிப்பது தவறு என்பது அன்றைய மிசூரி சினாடின் நிலை. புரூக்ஸ் வேதத்தை ஆராய்ந்து, அந்தத் தடைக்கு ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். மிஷனரிகளின் மாநாடு அதை ஏற்கவில்லை. 1931இல் விடுப்பில் தாயகம் போனவரை மிஷன் போர்டு திருப்பி அனுப்பவில்லை. தம் வாதத்தை நூலாக்கி 1935இல் வெளியிட்டார். 1944இல் சாகினாவில் கூடிய மாநாட்டில் சினாடே கூட்டு ஜெபத்தையும் ஜெப ஐக்கியத்தையும் வேறுபடுத்தித் தன் நிலையைத் தளர்த்தியது. 1945இல் நாற்பத்து நான்கு போதகர்களும் பேராசிரியர்களும் சிகாகோவில் கூடி, வேத வசனங்களைப் பிரிவினைக்குக் கருவியாக்கும் போக்கைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். புரூக்ஸ் சொன்னதன் சாரத்தைத் தாய்ச்சபை பதினைந்து ஆண்டுகளுக்குள் ஓரளவு ஏற்றுக்கொண்டது. வாணியம்பாடியின் முஸ்லிம் பணி மட்டும் தன் தேர்ந்த அறிஞரை இழந்துவிட்டது.

போர்டின் தரப்பையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அவர்கள் பொறாமைக்காரர்கள் அல்லர். லைப்சிக் அனுபவத்தால் உருவான மிஷன் இது. போதனையில் ஒரு செங்கல் நெகிழ்ந்தாலும் வீடு போய்விடும் என்று அஞ்சினார்கள். நேதரும் மோனும் எதற்காகத் தங்கள் பணியை விட்டார்களோ அதையே காப்பதாக நம்பினார்கள். ஆனால் அந்த இருவர் செய்ததன் மற்றொரு பாதியை மறந்தார்கள்: கேள்வி கேட்கும் உரிமை.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. புரூக்ஸ் வழக்கில் சபையார் எங்கே? ஆல்டன்பர்க் பாடத்தின்படி போதகரைக் கண்டிக்கும் உரிமை விசுவாசிகளின் கூட்டத்துக்கு உண்டு. இங்கேயோ விவாதித்தது வெள்ளை மிஷனரிகளின் மாநாடு. தீர்த்தது செயின்ட் லூயிஸில் இருந்த போர்டு. பிற சபைக் கிறிஸ்தவரோடு ஜெபிக்கலாமா என்ற கேள்வி, நாலாபுறமும் இஸ்லாமியர் வாழும் தெருவில் குடியிருந்த உபதேசியாருக்கு ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. ஒரே சிலுவையைச் சொல்பவர்கள் ஒன்றாக மண்டியிட மறுப்பதை ஆலை முதலாளியும் கூட வேலை செய்பவரும் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த அறிவைக் கேட்டுப் பெற மிஷனின் அமைப்பில் இடமே இல்லை. புரூக்ஸை இழந்தது ஒரு தீர்ப்பின் பிழை. உள்ளூர்ச் சபையைக் கேட்காதது அமைப்பின் பிழை, இரண்டில் பெரியதும் அதுவே.

1958இல் மிஷன் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகத் தன்னாட்சி பெற்றது. ஆம்பூர், நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று வட்டாரச் சினாடுகள் அமைந்தன. ஆலயம், பள்ளி, மருத்துவமனை, மிஷன் காம்பவுண்ட் நிலம் எல்லாம் கைமாறின. கருத்து மாறுபாட்டைச் சபைக்குள் வைத்துத் தீர்க்கும் பழக்கம் கைமாறவில்லை, ஏனென்றால் கொடுத்தவர்கள் அதை இங்கே பயிற்றுவித்ததே இல்லை. பின்வந்த பதிற்றாண்டுகளில் அதன் நிர்வாகத் தகராறுகள் மீண்டும் மீண்டும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஓய்வுபெற்ற நீதிபதியை நிர்வாகியாக வைத்துச் சபை நடந்த காலமும் உண்டு. முன்பு செயின்ட் லூயிஸ் தீர்த்தது, பிறகு நீதிமன்றம் தீர்த்தது. சபையார் இரு காலத்திலும் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள்.

இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் சொத்து. நகரங்களின் நடுவில் இருக்கும் மிஷன் நிலங்களின் மதிப்பு ஏறியதால் பதவிக்குப் போட்டி வந்தது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. மிஷன் மரபே வேறான தென்னிந்தியத் திருச்சபையும் தப்பவில்லை. அதன் சினாட் தேர்தல் வழக்கில் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரிடம் பொறுப்பை ஒப்படைக்க உத்தரவிட்டது. எனினும் சொத்து, சண்டைக்குக் காரணம் சொல்லுமே தவிர, சண்டையை ஏன் வீட்டுக்குள் தீர்க்க முடியவில்லை என்பதைச் சொல்லாது. சபையின் சொந்த விசாரணைக் குழுவை வென்றவரும் நம்பாமல், தோற்றவரும் நம்பாமல் போனால்தான் இருவரும் வக்கீலைத் தேடுகிறார்கள். அந்த அவநம்பிக்கைக்கு நூறாண்டு வயது.

பக்கத்து வேலூரில் வேறு வகைத் தலைமை ஒன்று இருந்தது. 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர், 1938இல் அரசு பழைய டிப்ளமா படிப்பை நிறுத்தி எம்.பி.பி.எஸ். கட்டாயம் என்றபோது வாழ்நாள் உழைப்பே சரிவதைப் பார்த்தார். ஆண்களையும் சேர்த்தால்தான் பிற மிஷன்களின் துணை கிடைக்கும் என்ற நிலை. பெண்களுக்காகவே நிதி திரட்டித் தந்த நெடுநாள் தோழி லூசி பீபாடி அதைக் கடுமையாக எதிர்த்தார். எழுபது வயதைக் கடந்த ஸ்கடர், தாம் தொடங்கியபோது சொன்னதற்கு மாறான முடிவை ஏற்றுக்கொண்டார். 1947இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். நட்பு காயப்பட்டது, நிறுவனம் பிழைத்தது. தம் முதல் தீர்மானத்தைத் தாமே பகிரங்கமாக மாற்றிக்கொள்ளும் துணிவை நான் தலைமையின் முதல் தகுதியாகக் கருதுகிறேன். ஆனால் அதை ஒருவரின் குணத்தை நம்பி விடுவது ஆபத்து. ஸ்கடர்கள் எல்லாச் சபைக்கும் கிடைப்பதில்லை.

அப்போஸ்தலர் நடபடிகளை எழுதியவர் பவுலுக்கும் பர்னபாவுக்கும் மாற்குவைக் குறித்து மூண்ட கடும் பிணக்கை மறைக்கவில்லை. பிந்திய நிருபத்தில் அதே மாற்கு தமக்குப் பயனுள்ளவன் என்று சொல்லி அழைத்துவரச் சொல்கிறார் பவுல். ஆதிச்சபை தன் தலைவர்களின் சண்டையையே வேதத்தில் வைத்து வாசித்தது. நம் சபைகள் அதை ஞாயிறு பாடமாக வாசித்துவிட்டுச் சொந்த வரலாற்றில் மட்டும் பக்கங்களைக் கிழிப்பது ஏன்?

வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. லைப்சிக் மிஷனின் ஆவணங்கள் ஜெர்மனியின் ஹாலேயிலும், மிசூரி சினாடின் ஆவணங்கள் செயின்ட் லூயிஸிலும் ஒழுங்காகப் பேணப்படுகின்றன. வெளியேற்றியவர்களின் தரப்பு அங்கே பத்திரமாக இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், கிருஷ்ணகிரிச் சபைகளின் தமிழ்த் தீர்மானப் புத்தகங்களையும் ஞானஸ்நானப் பதிவேடுகளையும், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் வாய்மொழி நினைவுகளையும் இன்றைய தலைமை தேடித் திரட்டி, ஆய்வாளர்களுக்கு நிபந்தனையின்றித் திறந்துவிட வேண்டும். அடுத்த சினாட் தேர்தலுக்குப் பிறகு செய்ய அல்ல, அதற்கு முன்பே. வாக்களிக்கப் போகிறவர்கள் அவற்றைப் படித்துவிட்டு வாக்களிக்கும்படி.