தேநீர்க் கெண்டியில் குடியேறிய சாமிகள்

கைப்பிடி ஒரு நாகப்பாம்பு. வயிற்றைச் சுற்றி மாடம் மாடமாகத் தெய்வங்கள்: மயில்மேல் முருகன், குழலூதும் கண்ணன், காளைமேல் சிவன். பாம்பின் உடலில் இரண்டு இடத்தில் மட்டும் வெள்ளி அறுந்து, மெல்லிய தந்த வளையம் செருகியிருக்கும். கொதிக்கும் தேநீரின் சூடு துரையம்மாவின் விரலுக்கு ஏறாமல் இருக்க அந்த ஏற்பாடு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னையில் இப்படிச் செய்த பாத்திரங்களை வெள்ளைக்காரர்கள் ‘சுவாமி சில்வர்’ என்றே அழைத்தார்கள்.

இந்த வேலைக்குப் பேர்போன கடை பி. ஆர் அண்ட் சன்ஸ். பீட்டர் ஆர் அடிப்படையில் கடிகாரக்காரர். 1849-இல் தொடங்கிய கடை அது. 1879-இல் மவுன்ட் ரோட்டில் எழுந்த அதன் கட்டடம், ராபர்ட் சிஷோம் வரைந்தது, இன்றும் நிற்கிறது. கைக்கடிகாரம் வாங்க அங்கே நுழைகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் வெள்ளிக் கதை தெரியுமோ!

1875-இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசர், பின்னாளைய ஏழாம் எட்வர்ட், அந்த ஆண்டு டிசம்பரில் சென்னையிலும் இறங்கினார். அந்தப் பயணத்தில் அவருக்குக் குவிந்த அன்பளிப்புகளில் ஆர் கடையின் சுவாமி தேநீர் செட்டும் ஒன்று. அன்பளிப்புகளை லண்டனில் காட்சிக்கு வைத்தார்கள். 1878 பாரிஸ் கண்காட்சிக்கும் கொண்டுபோனார்கள். இளவரசர் வீட்டில் இருப்பது நம் மேசையிலும் இருக்கட்டும் என்று நினைக்க யாருக்குத்தான் ஆசை வராது?

சாமிக்குக் கவசமும் திருவாசியும் அடித்த கைகளுக்கு இந்த வேலை புதிதல்ல. பாத்திரத்தின் வடிவை வெள்ளித் தகட்டில் எழுப்பி, உள்ளே அரக்கை உருக்கி ஊற்றி இறுகவிடுவார்கள். பிறகு சிற்றுளியும் சுத்தியும். அரக்கு கீழே தாங்கிக்கொள்வதால் தகடு கிழியாமல் அமிழும். சுற்றிலும் அமிழ அமிழ உருவம் மேலெழும். கெண்டியும் நமக்குப் பழைய பொருள்தான்; அதற்குள் தேயிலை விழுந்ததுதான் புதுசு. மேனாட்டில் கரண்டிக் காம்பின் நுனியில் ஏசுவின் சீடர்களை வைக்கும் பழக்கம் உண்டு. இங்கே அந்த இடத்தில் நம் சாமிகள் ஏறி நின்றார்கள். கும்பிடாதவர்கள் வீட்டுச் சர்க்கரைக் கிண்ணத்தில் கண்ணன்! யோசித்தால் சிரிப்பு வருகிறது. உளிவேலையை உற்றுப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

வெள்ளி எங்கிருந்து? பெரும்பாலும் பட்டறையில் உருகியவை ரூபாய் நாணயங்களே. ஒரு ரூபாய் ஒரு தோலா எடை, 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது 50 தோலாக் கெண்டிக்குள் 50 ரூபாய் அடக்கம், செய்கூலி தனி.

சென்னைக்குச் சாமி என்றால் மற்ற ஊர்களுக்கு வேறு அடையாளம். காஷ்மீரில் சினார் இலையும் சால்வைப் பூவேலையும், லக்னோவில் வேட்டைக் காடு, கல்கத்தாவில் குடிசையும் மாட்டு வண்டியும். கட்ச் வேலையில் இண்டு இடுக்கில்லாமல் கொடி ஓடும். அங்கே புஜ் நகரத்து ஊமர்சி மாவ்ஜி, கட்ச் அரசரின் வெள்ளிக் கைவினைஞர், தன் பெயரின் முதலெழுத்துகளை ‘ஓ.எம்.’ என்று பாத்திரத்தின் அடியில் பொறித்தார். அந்த இரண்டு ஆங்கில எழுத்தையும் சேர்த்துப் படித்தால் ‘ஓம்’. அவர் அதை நினைத்துச் செய்தாரோ இல்லையோ, படிக்கிறவருக்குத் தோன்றாமல் போகாது.

மாவ்ஜிக்குக் கிடைத்த அந்த இடம் சென்னைப் பத்தர்களுக்குக் கிடைக்கவில்லை. இங்கே அடியில் இருப்பது கடையின் முத்திரை. பிரிட்டனைப் போல வெள்ளியைச் சோதித்து ஆண்டு முத்திரை குத்தும் சட்டமும் அன்றைய இந்தியாவில் கிடையாது. அதனால் முத்திரையே இல்லாத கெண்டியின் வயதைச் சொல்ல, இன்று அதில் வெட்டியிருக்கும் வாசகத்தைத்தான் தேடுகிறார்கள். பிரிவுபசாரத்தில் பெற்றுக்கொண்ட அதிகாரியின் பெயர் இருக்கும். அவருடைய படைப்பிரிவும் ஆண்டும் இருக்கும். கொடுத்தவர்கள் பெயர்கூடச் சில சமயம் இருக்கும்.

வாங்க வருகிறவர் அதைப் படித்துவிட்டுக் கெண்டியைத் திருப்பிச் சாமிகளின் மூக்கைப் பார்ப்பார். வீட்டு பட்லர் பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து முதலில் மழுங்குவது மிக உயர்ந்து நிற்கும் அந்த மூக்குதான். மூக்கு கூர்மையாக இருந்தால் விலை ஏறும்.