பென்சிலால் குத்திய ஓட்டை

ஏப்ரல் 14 மாலைக்காக மண்ணூரில் எங்கள் பிள்ளைகள் கிடார் பழகினார்கள். ஒரகடத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு வரும் ஒப்பந்தத் தொழிலாளிகள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் கானாவோடு பறையும் கிடாரும் சேர்ந்து ஒலித்ததிலிருந்து பிடித்த ஆசை இது. இம்முறை அவர்கள் கேட்டது 1958-இல் அமெரிக்காவில் வந்த ‘ரம்பிள்’ இசைத்தட்டின் ஓசை. செல்போன் செயலியில் எத்தனை எஃபெக்ட் போட்டும் அது வரவில்லை.

வாசித்தவர் லிங்க் ரே. 1929-இல் வட கரோலினாவில் பிறந்தவர், ஷானி பழங்குடி வழிவந்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். கு க்ளக்ஸ் க்ளான் வரும்போது குடும்பமே ஒளிந்துகொண்டதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ராணுவத்துக்குப் போய்க் காசநோயோடு திரும்பினார். ஒரு நுரையீரல் போயிற்று. இனிப் பாடக் கூடாது என்றார்கள் மருத்துவர்கள். அதனால் கிடார்தான் பேச வேண்டியிருந்தது.

மேடையில் முரட்டுத்தனமாக எழுந்த ஓசை ஸ்டுடியோவில் சாதுவாகப் பதிவானது. ரே ஒரு பென்சிலை எடுத்து ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரில் ஓட்டைகள் குத்தினார். கிழிந்த காகிதம் அதிர்ந்து கரகரத்தது. முடிவில் ட்ரெமோலோவைக் கூட்டிக் கூட்டி ஓசையையே நடுங்க வைத்தார்.

ஒரு சொல்கூட இல்லாத அந்த இசையைச் சில வானொலி நிலையங்கள் தடைசெய்தன. தெருச்சண்டையைத் தூண்டுமாம்! நமக்கு இது புதிதா? சாவுக்குப் பறையடிக்க மறுத்தால் அடி, நம் விழாவுக்கு அடித்தால் கேள்வி. எந்தத் தெருவில் எந்த ஓசை என்பதற்கு இங்கே எழுதாத சட்டம் உண்டு. 2005-இல் ரே இறந்தார். அதன்பிறகுதான், 2008-க்கான பட்டியலில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ‘ரம்பிளை’த் தேசிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

காயலான் கடையில் 2 பழைய ஸ்பீக்கர் வாங்கினோம். முதலாவது வீண், ஓட்டை பெரிதாகிக் காகிதமே கிழிந்து தொங்கியது. இரண்டாவதில் ஓரமாகச் சின்னச் சின்னதாகக் குத்தியதும் உறுமியது. அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியுமாக உட்கார்ந்திருந்த பறை வாத்தியார் சிரித்துவிட்டார்: “ஏம்ப்பா, நாங்க தோலை நெருப்புல காட்டி எடுக்கிறத நீங்க பென்சில்ல குத்தியா எடுக்கிறீங்க?”

அன்று மாலை இரண்டையும் சேர்த்தே வாசித்தார்கள். பாதியில், சத்தம் அதிகம் என்று ஊர்த்தெருவிலிருந்து ஆள் வந்தது. தேர்த்திருவிழாவுக்கு அவர்கள் கட்டும் குழாய்கள் எங்கள் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். அதைச் சொன்னோம், ஆள் போய்விட்டார். ஓசையைக் குறைக்கவில்லை.

அந்தக் கடைசி நடுக்கம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. வரும் ஞாயிறு எல்லோருக்கும் ஷிப்ட் இல்லை, மறுபடி உட்காருகிறோம்.