இடமும் வலமும் தவறாமல்

கருவடிக்குப்பத்துக் குயில் தோப்பில் பாரதியார் உலாவி நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அப்பக்கத்து மரமொன்றில் குயில் கூவினால், கண்ணை மூடியிருந்தாலும் அது இடப்புறமா வலப்புறமா என்று நாம் சொல்லிவிடுகிறோம். எப்படி?

பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை அடைந்த பின், தலையைச் சுற்றி மறு காதை அடைவதற்கு ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஆறு பங்கு நேரமாகிறது. ஒலியின் வலிமையும் சற்றுக் குறைகிறது. இவ்விரண்டு வேறுபாடுகளைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. ஒரு மீட்டர் நீள ரப்பர்க் குழாயின் முனைகளை இரு காதுகளிலும் வைத்துக்கொண்டு, முதுகுப்புறமாகக் குழாயைப் பென்சிலால் தட்டும்படி நண்பரிடம் சொல்லுங்கள். நடுவிலிருந்து மூன்று சென்டிமீட்டர் விலகித் தட்டினாலே பக்கம் தெரிந்துவிடும். என் வகுப்பில் இதை நம்ப மறுத்த மாணவர்கள், பிறகு குழாயைத் திருப்பித் தர மறுத்தார்கள்!

இந்நுட்பத்தை முதன்முதலில் மின்கம்பிக்குப் பழக்கியவர் பிரெஞ்சுப் பொறியாளர் கிளெமான் அதேர். 1881இல் பாரிசில் நடந்த மின்சாரக் கண்காட்சியின்போது, ஓப்பரா அரங்க மேடையின் விளிம்பில் இடமும் வலமுமாக ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்தார். நடனமாடுவோரின் காலடி அதிர்வு புகாதிருக்க அவற்றுக்கு ஈயத் தகடும் ரப்பர்க் கால்களும் அமைத்தார். கம்பிகள் நகரின் சாக்கடைச் சுரங்கங்கள் வழியே கண்காட்சி மண்டபத்துக்குச் சென்றன. அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு கேட்புக் குழல்கள்: இடக்காதுக்கு இடப்புற ஒலிவாங்கி, வலக்காதுக்கு வலப்புற ஒலிவாங்கி. பாடகர் மேடையில் நடப்பது கேட்பவருக்குக் காதாலேயே புலப்பட்டது. மின்பெருக்கி அன்று இல்லை. ஆகவே மெல்லிய அம்மின்னோட்டத்தால் ஒரு பெரிய கூடத்தை நிரப்ப இயலவில்லை.

அது 1933 ஏப்ரல் 27 அன்று நிறைவேறியது. பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவைப் பெல் ஆய்வுக்கூடத்தார் மூன்று ஒலிவாங்கிகள், மூன்று தொலைபேசித் தடங்கள், மூன்று ஒலிபெருக்கிகள் வழியே வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கச் செய்தனர்.

தமிழ்த் திரைக்கு ஆறு தடங்களைக் கொண்டுவந்தது 1986இல் வெளியான 70 மி.மீ. படமான 'மாவீரன்'. படச்சுருளிலேயே காந்தப் பட்டைகளில் ஆறு தடங்களும் அருகருகே இருந்தன. சுருள் ஓடும்போது அவை சேர்ந்தே ஓடும். ஒன்றை ஒன்று முந்த வழியே இல்லை. இந்த எளிமையை நாம் போதிய அளவு பாராட்டியதில்லை என்பது என் எண்ணம்.

கணிப்பொறி வந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. இப்போது ஒலி விநாடிக்கு 48,000 எண்களாக மாற்றப்பட்டு, சிறு சிறு பொட்டலங்களாக ஒரே வடத்தில் பல தடங்களும் செல்கின்றன. கம்பிக் கற்றை ஒழிந்தது. ஆனால் ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் ஒரு தனிக் கடிகாரம் புகுந்தது. இரண்டு கடிகாரங்கள் இலட்சத்தில் ஒரு பங்கு மாறுபட்டாலும், ஒரே நிமிடத்தில் பத்தாயிரத்தில் ஆறு பங்கு விநாடி பிசகிவிடும். குயிலின் திசையைக் காட்டிய அதே அளவு! நடுவில் நின்ற பாடகர் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவார்.

ஆகவே வலைப்பின்னலில் ஒரு கடிகாரத்தைத் தலைமையாக்கி, மற்றவற்றை அதற்கேற்பத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கான பொதுவிதி 2002இல் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பொட்டலமும் தன் நேரத்தைச் சுமந்து வருகிறது. முந்தி வந்தது பிந்தி வருவதற்காகக் காத்திருக்கும். குறித்த நொடியில் எல்லா ஒலிபெருக்கிகளும் ஒருங்கே ஒலிக்கும்.