துணியால் ஆன அலைவாங்கிகள்: ஒரு வரலாறு

உடுத்தும் உடையோடு சேர்த்துத் தைக்கப்படும் ஆன்டெனாவே துணி அலைவாங்கி எனப்படுகிறது. உலோகக் கம்பிக்கும் தகட்டுக்கும் பதிலாக இதில் மின்சாரம் கடத்தும் துணி பயன்படுகிறது. இதன் வரலாறு கால் நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்டதுதான். ஆனால் இது ஏன் தேவைப்பட்டது என்று அறிய, அதற்கும் முன்னால் ஒரு போர்க்களத்துக்குப் போக வேண்டும்.

வியட்நாம் போரில் அமெரிக்கக் காலாட்படையினர் முதுகில் சுமந்த பி.ஆர்.சி-25 என்ற வானொலிக் கருவி, 30 முதல் 76 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கியது. 30 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 10 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது இரண்டரை மீட்டர் கம்பி இருந்தால்தான் அலை நன்றாகப் பரவும். கம்பியைக் குட்டையாக்கினால் தொடர்பு எட்டும் தூரமும் குறையும். ஆகவே கருவியைச் சுமந்தவரின் தலைக்கு மேல் கம்பி ஆடிக்கொண்டே இருந்தது. மறைந்திருந்து சுடுபவருக்கு அதைவிட நல்ல அடையாளம் வேறு வேண்டியதில்லை. அவரை வீழ்த்தினால் அந்தக் குழுவுக்கே வெளியுலகத் தொடர்பு அறுந்துவிடும்.

2000-ஆம் ஆண்டையொட்டி, கலிஃபோர்னியாவின் மான்டெரே நகரில் உள்ள அமெரிக்கக் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் இதற்குத் தீர்வு தேடினார்கள். செம்பு பூசிய துணியைக் கையில்லாத மேற்சட்டையாகத் தைத்து, அந்தச் சட்டையையே அலைவாங்கி ஆக்கினார்கள். உயர்ந்த அதிர்வெண்களுக்குத் தலைக்கவசத்தின் உறை, தாழ்ந்தவற்றுக்குச் சட்டை என்று வேலை பிரிக்கப்பட்டது.

மின்சாரம் கடத்தும் துணி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் அன்று. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தினர் துணியில் மின்சுற்று அமைக்க முயன்றபோது, மெல்லிய உலோகத் தகடு சுற்றிய ஊடை இழையால் நெய்த பட்டுத் துணியைப் பயன்படுத்தினார்கள். இந்தியாவில் நெடுங்காலமாக நெய்யப்பட்டு வரும் துணி வகைதான் அது. நம் சரிகை நெசவை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

ஐரோப்பாவில் தொடக்கம் வேறு மாதிரி இருந்தது. பின்லாந்தின் டாம்பெரே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெக்கா சலோனென் குழுவினர் 1999-இல் உடையில் அணியத்தக்க சிறு தட்டை அலைவாங்கி ஒன்றை விவரித்தனர். 2003-இல் துணியையே அடித்தளமாகக் கொண்ட வடிவமும் வந்தது. சூரிச் ஆய்வாளர்கள் 2006-இல் முழுவதும் துணியால் ஆன ஒட்டு அலைவாங்கிகளை அளந்து வெளியிட்டனர்.

ஒட்டு அலைவாங்கி என்பது இரண்டு கடத்தும் பரப்புகளுக்கு நடுவே ஒரு கடத்தாப் பொருளை வைத்த அமைப்பு. 1953-இலேயே முன்மொழியப்பட்ட கருத்து இது. வடிவமைப்பின் கடினத்தை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். புளூடூத்தின் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.2 செ.மீ.; பாதி 6.1 செ.மீ. துணியின் ஒப்புமை விடுதிறன் 1.5 என்று கொண்டால், அதன் வர்க்கமூலத்தால் வகுக்க, ஒட்டின் நீளம் ஏறத்தாழ 5 செ.மீ. வருகிறது. வெட்டும்போது 1 மில்லிமீட்டர் பிசகினால் அதிர்வெண் 2 விழுக்காடு, அதாவது சுமார் 50 மெகாஹெர்ட்ஸ் நகரும். அனுமதிக்கப்பட்ட அலைவரிசையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். தையற்காரர் ஒரு மில்லிமீட்டரைப் பொருட்படுத்துவாரா?

ஈரம் இதைவிடப் பெரிய எதிரி. நீரின் விடுதிறன் ஏறத்தாழ 80 என்பதால், துணி சிறிது நனைந்தாலும் ஒத்ததிர்வு கீழிறங்கும். வழக்கமான காற்று ஈரத்தில் பருத்தி தன் எடையில் 8 விழுக்காடு அளவுக்கு நீரை ஏற்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே இந்த வேலைக்குப் பருத்தியைவிடச் செயற்கை இழையே ஏற்றது.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் கார்லா ஹெர்ட்லீர், ஹென்ட்ரிக் ரோஜியர் முதலியோர் இந்த ஈரப் பிரச்சினையை ஆராய்ந்தனர். அவர்கள் யாருக்காக வடிவமைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்: தீயணைப்பு வீரர்களுக்காக. புகை சூழ்ந்த கட்டடத்துக்குள் போனவர் நலமாக இருக்கிறாரா என்று வெளியே நிற்பவருக்குத் தெரிய வேண்டும். கைகள் இரண்டும் வேலையில் இருக்கும்போது கருவியைத் தேடி எடுத்துப் பேச முடியாது. பாதுகாப்பு உடைகளில் ஏற்கெனவே பயன்படும் நுரைப்பொருளையே கடத்தாத அடுக்காக வைத்து இவர்கள் உருவாக்கிய அலைவாங்கி 2009-இல் வெளியானது.

உடலே அலைகளை உறிஞ்சும் என்பது மற்றொரு தடை. தூர்தர்ஷன் காலத்தில் உள் ஏரியலைத் தொட்டுக்கொண்டு நின்றால் படம் ஒரு மாதிரியும், விலகினால் வேறு மாதிரியும் தெரிந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒட்டு அலைவாங்கியில் உடல் பக்கமுள்ள கடத்தும் துணி ஒரு மறைப்பாக நிற்பதால், அலை வெளிப்புறமே போகிறது. உடலில் இறங்கும் ஆற்றலும் குறைகிறது. இந்தியாவில் கைப்பேசிகளுக்கு அந்த ஆற்றலின் வரம்பு கிலோகிராமுக்கு 1.6 வாட்.

பின்னர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உலோக இழைகளைக் கொண்டு பூத்தையல் எந்திரத்தாலேயே 0.1 மில்லிமீட்டர் துல்லியத்தில் அலைவாங்கி தைத்தார்கள். துணியையும் கருவியின் கடினமான கம்பியையும் இணைக்கும் இடமே அடிக்கடி பழுதாவது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தினர் அதற்குப் பயன்படுத்திப் பார்த்தது, சட்டையில் வைக்கும் சாதாரண பிரஸ் பட்டன்.