கேட்டது கம்ப்யூட்டர் சயின்ஸ், கிடைத்தது கணிதம்: மென்பொருள் துறைக்குப் போக முடியுமா?

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, யு.பி.யு. வழியாக கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டிருப்பீர்கள். கணித இளங்கலைக்கு இடம் கிடைத்திருக்கும். மாக் மண்டின் போன்ற தொழிற்பேட்டைப் பகுதி வீடுகளில் அடுத்து வரும் கேள்வி: "கணக்குப் படிச்சா டீச்சர் வேலைதானே?"

அப்படி இல்லை. மென்பொருள் துறைக்கும் போகலாம். ஆனால், பட்டம் மட்டும் போதாது.

இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். 1969இல் தொடங்கிய பினாங்கு யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலில் கணிதப் பிரிவுக்குள்தான் இருந்தது. 1995இல் தனியாகப் பிரிந்தது. அப்போலோ விண்கல மென்பொருள் குழுவை வழிநடத்திய மார்கரெட் ஹாமில்டன் 1958இல் பட்டம் வாங்கியதும் கணிதத்தில்தான். (அப்போது மென்பொருளுக்கென்று தனிப் படிப்பு இல்லை. இன்று இருக்கிறது, அதைப் படித்தவர்களோடுதான் நீங்கள் போட்டி போட வேண்டும்.)

கணிதம் எங்கே உதவும்?

10,000 பேர் கொண்ட பட்டியலில் ஒரே ஐ.சி. எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஏறக்குறைய 5 கோடி ஒப்பீடுகள். முதலில் வரிசைப்படுத்திவிட்டு, பக்கத்துப் பக்கத்து எண்களை மட்டும் பார்த்தால் ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்துவிடும். கோடு எழுதும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் கணித மாணவருக்கு இயல்பாக வரும். நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் தெரிந்தவருக்கு மெஷின் லேர்னிங் பாடமும் மிரட்டாது.

பினாங்கில் இதற்கு இன்னொரு கதவும் உண்டு. 1972இல் பாயான் லெப்பாசில் இண்டெல் தொழிற்சாலை வந்தது. பிறகு பல நிறுவனங்கள் சேர்ந்தன. சிப்களைச் சோதிக்கும்போது குவியும் அளவீடுகளில் எது பழுது, எது தற்செயல் என்று பிரிப்பது புள்ளியியல் வேலை. அதற்கான புரோகிராமையும் எழுதத் தெரிந்தால் உங்களுக்கு மவுசு. பட்டர்வொர்த்தில் இருப்பவருக்குப் பாலம் தாண்டினால் போதும்.

எது குறையும்?

டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதைவிட முக்கியம், மற்றவர் எழுதிய கோடைப் படித்துத் திருத்துவது. கணிதத்தில் நிரூபணம் சரியாக வந்தால் வேலை முடிந்தது. மென்பொருளில் அதே கோடைப் பல பேர் பல வருடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கலாம் என்று விடாதீர்கள். பி.டி.பி.டி.என். கடன் தலைமேல் இருக்கும்போது தனியார் கோர்ஸுக்கு இன்னும் காசு கட்டுவது வீண். விருப்பப் பாடங்களைக் கம்ப்யூட்டர் பிரிவில் எடுக்க முடியுமா என்று முதல் வருடமே கேளுங்கள். பைதான் ஒன்றை ஒழுங்காகக் கற்று, கிட் பயன்படுத்தி, வேறு ஒருவரோடு சேர்ந்து ஏதாவது கட்டிப் பாருங்கள். தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போது வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக ஏதோ ஓர் அலுவலகத்தில் சேர வேண்டாம். மென்பொருள் குழு இருக்கும் இடமாகப் பாருங்கள். 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது தொடர்புடைய துறை' என்று கேட்கும் வேலை விளம்பரத்துக்கு விண்ணப்பிக்கும்போது, அந்தத் 'தொடர்பை' காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தச் சில மாத வேலைதான்.