பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2

பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2, இந்திய விமானப்படையின் அடிப்படைப் பயிற்சி விமானம். இருவர் அமரக்கூடிய இந்த டர்போபிராப் விமானத்தைத் தயாரிப்பது சுவிட்சர்லாந்தின் ஸ்டான்ஸ் நகரில் உள்ள பிலாட்டஸ் நிறுவனம். ஹைதராபாத்தை அடுத்த துண்டிகல் விமானப்படை அகாடமியில் பயிற்சி விமானிகள் பறக்கக் கற்பது இதில்தான். அவர்களுக்குக் கற்பிக்கும் பயிற்றுநர்களை உருவாக்கும் தாம்பரம் பள்ளியிலும் இது பயன்படுகிறது.

அமைப்பு

பிசி-9 விமானத்தின் உடற்கட்டை அடிப்படையாகக் கொண்டு உருவான இந்த வகை, 1992இல் முதன்முதலாகப் பறந்தது. தென்னாப்பிரிக்க விமானப்படை இதற்கு அஸ்ட்ரா என்று பெயரிட்டது. நீளமும் இறக்கை அகலமும் ஏறத்தாழ 10.2 மீட்டர். பிராட் அண்ட் விட்னி கனடா நிறுவனத்தின் பிடி6ஏ-25சி எஞ்சின் 700 குதிரைத்திறன் தருகிறது. சூடான வாயு சுழற்றும் டர்பைனின் விசை, வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரங்கள் வழியாக நான்கு இதழ் புரொப்பெல்லருக்குச் செல்கிறது. புகைபோக்கிகள் மூக்கின் இருபுறமும், புரொப்பெல்லருக்குச் சற்றுப் பின்னால் உள்ளன. ஜெட் விமானத்தைவிட எரிபொருள் செலவு குறைவு. பிஸ்டன் எஞ்சினைவிட ஆற்றல் அதிகம். தொடக்கப் பயிற்சிக்கு டர்போபிராப்பைப் பல நாடுகள் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. முன்னால் மாணவர், பின்னால் பயிற்றுநர். மாணவரின் தலைக்கு மேலாக முன்பக்கம் தெரியும்படி பின்னிருக்கை உயர்த்தப்பட்டிருக்கிறது. இரண்டுமே ஆபத்தில் வெளியே வீசும் மார்ட்டின்-பேக்கர் இருக்கைகள்.

இந்தியாவில்

இதற்கு முன் இருந்தது இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் பிஸ்டன் எஞ்சின் விமானமான எச்பிடி-32 தீபக். அதில் வெளியே வீசும் இருக்கை கிடையாது. நடுவானில் எஞ்சின் நின்றுபோவது அதன் தீராத குறை. 2009 ஜூலையில் இரு விமானிகள் உயிரிழந்த விபத்துக்குப் பின் அது பறப்பதை நிறுத்தியது. அடுத்த நான்கு ஆண்டுகள், இரண்டாம் கட்டப் பயிற்சிக்கான கிரண் ஜெட்டிலேயே புதியவர்களும் தொடங்க வேண்டியிருந்தது.

75 பிசி-7 விமானங்களுக்கான ஒப்பந்தம் 2012 மே 24 அன்று கையெழுத்தானது. 2013 மே 31 அன்று துண்டிகலில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ. கே. அந்தோணி இந்த வகையைப் படையில் சேர்த்தார். 2015இல் எல்லா விமானங்களும் வந்து சேர்ந்தன. ஒப்பந்த முறைகேட்டுப் புகார்கள் எழ, 2019 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் பிலாட்டஸுடனான வணிகத் தொடர்பை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தது.

தாம்பரத்தில்

பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கி, 1954இல் தாம்பரத்துக்கு வந்தது. முப்படையினரும் கடலோரக் காவல்படையினரும் நட்பு நாட்டு விமானிகளும் இங்கே பயில்கிறார்கள். இங்கு மாணவர்களாக வருவோர் ஏற்கெனவே தேர்ந்த விமானிகள். பின்னிருக்கைக்கு மாறி, கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டே, செய்வதை அந்தந்த நொடியில் வாயால் விளக்கப் பழகுவதுதான் அவர்களுக்குப் புதிது. இந்த விளக்கத்தை விமானிகள் 'பேட்டர்' என்கிறார்கள். சொல்லும் செயலும் ஒத்துப்போகாவிட்டால் மாணவர் குழம்பிவிடுவார். ஆகவே அது பலமுறை ஒத்திகை பார்க்கப்படுகிறது.

விபத்துகள்

2023 டிசம்பர் 4 அன்று துண்டிகலிலிருந்து கிளம்பிய விமானம் தெலங்கானாவின் மேதக் மாவட்டத்தில் விழுந்ததில் பயிற்றுநரும் பயிற்சி விமானியும் உயிரிழந்தனர். 2025 நவம்பர் 14 அன்று செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே ஒரு விமானம் விழுந்து நொறுங்கியது. விமானி இருக்கையோடு வெளியேறி உயிர் தப்பினார்.

அடுத்த தலைமுறை

உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட எச்டிடி-40 டர்போபிராப் 2016 மே 31 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதில் 70 விமானங்களுக்கு 2023 மார்ச்சில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸுடன் ஒப்பந்தம் போடப்பட்டது. இவை பிசி-7 விமானங்களோடு அடிப்படைப் பயிற்சியைப் பகிர்ந்துகொள்ளும்.