எரிக்கச் சொன்ன விதிக்கு யார் வாக்களித்தார்கள்?

ஜனாஸா எரிப்பு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எமது பகுதியில் ஒரு கேள்வி எழுகிறது. அந்தச் சட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் யார் யார் கை உயர்த்தினார்கள்? உயர்தர வகுப்பு மாணவர்களும் கேட்கிறார்கள், பள்ளிவாசல் முற்றத்தில் பெரியவர்களும் கேட்கிறார்கள். அதற்கான பதில், ஒருவரும் இல்லை என்பதுதான். அன்று நாட்டில் பாராளுமன்றமே இருக்கவில்லை.

2020 மார்ச் 2 ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. கொரோனாவால் தேர்தல் ஓகஸ்ட் 5 வரை தள்ளிப்போனது. புதிய சபை கூடியது ஓகஸ்ட் 20 இல். இந்த இடைவெளியில், ஏப்ரல் 11 ஆம் திகதி, சுகாதார அமைச்சர் அதிவிசேட வர்த்தமானி மூலம் ஓர் ஒழுங்குவிதியை வெளியிட்டார். கொரோனாவால் இறந்தவர்களின் உடல்கள் தகனம் செய்யப்பட வேண்டும் என்றது அது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தும் இங்கே அந்த வழி மூடப்பட்டது.

அமைச்சருக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். 1897 இல் இலங்கையில் மக்கள் வாக்களித்துத் தெரிவான ஓர் உறுப்பினர்கூட சட்டசபையில் இருக்கவில்லை. எல்லோரும் நியமனம்தான்.

இதையே அவசரகாலச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அவசரகாலம் என்றதும் நாம் பயப்படுகிறோம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அரசியலமைப்பின் 155 ஆம் உறுப்புரை அந்த அதிகாரத்துக்கு நாட்கணக்கு வைத்திருக்கிறது. பிரகடனத்தை 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அது காலாவதியாகும். அங்கீகரித்தாலும் ஒரு மாதம்தான், பிறகு மீண்டும் சபைக்கு வர வேண்டும். பாராளுமன்றம் கலைக்கப்பட்டிருந்தால், அந்தப் பிரகடனமே அதைக் கூட்டும் அழைப்பாகி, பத்தாம் நாளுக்குள் சபை கூட வேண்டும்.

இந்த நாட்கணக்கின் பெறுமதியை நாம் 2019 இல் கண்டோம். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடும் ஆடை தடைசெய்யப்பட்டது. எமது பெண்கள் வைத்தியசாலைக்கும் வங்கிக்கும் போகத் தயங்கிய நாட்கள் அவை. அவசரகாலம் மாதாமாதம் நீடிக்கப்பட்டு, ஓகஸ்ட் 22 க்குப் பின் நீடிக்கப்படவில்லை. தடையும் அதோடு முடிந்தது. யாரும் அதை நீக்க வேண்டியிருக்கவில்லை, காலம் முடிந்ததும் அது செத்துப்போனது.

2020 இல் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்படவில்லை. அதனால் கலைந்த சபையைக் கூட்ட வேண்டிய கட்டாயமும் வரவில்லை. தகன விதிக்கு முடிவுத் திகதியும் இல்லை. பத்து மாதங்களுக்கும் மேலாக அது நின்றது. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் 2020 டிசம்பர் 1 இல் விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளுபடியாகின. 2021 பெப்ரவரி 25 இல் இன்னொரு வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் தொடங்கியது. கொடுத்ததும் எடுத்ததும் ஒரே அமைச்சரின் பேனா.

எமது பெரும்பாலான சட்டங்களில் ஒரு வாசகம் இருக்கும்: ஒழுங்குவிதி வர்த்தமானியில் வந்த பின் "வசதியான விரைவில்" பாராளுமன்ற அங்கீகாரத்துக்குக் கொண்டுவரப்பட வேண்டும். யாருடைய வசதி? எத்தனை நாள்? அது சொல்லப்படுவதில்லை. சபை நிராகரித்தாலும், அதற்கு முன் அந்த விதியின் கீழ் செய்தவை செல்லுபடியாகும். எந்த விதியை எந்த நாளில், எத்தனை மணிநேரம் விவாதிப்பது என்பதைச் சபாநாயகர் தலைமையிலான பாராளுமன்ற அலுவல்கள் பற்றிய குழு தீர்மானிக்கும். பல விதிகள் ஒரே நாளில் சேர்த்து எடுக்கப்படுவதும் உண்டு.

பிரித்தானியாவில் 1946 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒழுங்குவிதி ஒன்றை ரத்துச் செய்யக் கோர 40 நாள் அவகாசம் உண்டு. அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நுணுக்கமானது. குழுவில் முடங்கிக் கிடக்கும் நிராகரிப்புப் பிரேரணையை 30 செனட்டர்கள் கையெழுத்திட்டு வெளியே எடுக்கலாம். விவாதம் பத்து மணிநேரத்துக்கு மேல் போகாது, பேசிப் பேசி இழுத்தடிக்க முடியாது. அங்கும் ஜனாதிபதியின் வீட்டோ இருக்கிறது, சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் சிறுபான்மையாக இருக்கும் 30 பேரால் ஒரு விதியைச் சபையின் முன் நிறுத்த முடிகிறது.

இது ஜனாஸாவோடு முடிந்த கதையும் அல்ல. 2021 மே 6 இல் இரசாயன உர இறக்குமதி நின்றதும் ஒரு வர்த்தமானியால்தான். சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்காரர்களுக்கு அந்த ஆண்டு எப்படிப் போனது என்று நாம் சொல்லத் தேவையில்லை.

2024 ஜூலையில் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. எமது பிரதிநிதிகள் ஊருக்கு வரும்போது வீதி, வடிகான், தொழில் பற்றிக் கேட்கிறோம். "வசதியான விரைவில்" என்ற சொல்லுக்குப் பதிலாக எத்தனை நாள் என்று எழுத ஒரு திருத்தம் கொண்டுவருவீர்களா என்றும் அவர்களிடம் கேட்டுப் பார்ப்போம்.